மழைப் பாட்டும் மறந்த ரயிலும்

மழைக்காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் சில காரியங்கள் தாமாகவே நடக்கத் தொடங்கிவிடுகின்றன. கொடியில் கிடந்த துணி கூடத்துக்கு வந்துவிடுகிறது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறுகிறது. எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து அங்கே ஒரு பாத்திரம் வைக்கப்படுகிறது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை உண்டா இல்லையா என்று பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் யாராவது ஒருவர் ஒரு பாட்டை முணுமுணுக்கிறார்.

மழைக்குப் பொருத்தமான பாட்டு எது? சென்ற வாரம் வெளியே கொட்டிக்கொண்டிருந்தபோது நம் காரியாலயத்தில் இந்த விவாதம் கிளம்பிற்று. அரை மணி நேரம் வேலை நின்றுபோனதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். 'மௌன ராகம்' படத்தில் (1986) ரேவதி மழையில் நனைந்து ஆடும் இளையராஜாவின் பாட்டுக்கு மேல் எதுவும் கிடையாது என்று இளைஞர் ஒருவர் அடித்துச் சொன்னார். வயதில் மூத்த ஒருவர், 'ஸ்ரீ 420' படத்தில் (1955) ராஜ் கபூரும் நர்கிஸும் ஒரே குடையின் கீழ் நிற்கும் பாட்டைச் சொன்னார். "உமக்கு இந்தி தெரியாதே?" என்று கேட்டதற்கு, "குடை தெரியும்!" என்றார். கச்சேரி ரசிகர் ஒருவர் அமிர்தவர்ஷிணி ராகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரை நிறுத்துவது பெரும் பாடாகிவிட்டது.

இராமநாதபுரத்துக் கரையோர ஊரிலிருந்து வந்த அன்பர் ஒருவர் மட்டும் பேசாமல் இருந்தார். "உங்கள் பாட்டு எது?" என்று கேட்டோம். "எங்கள் வீட்டில் மார்கழி மழைக்குப் பாட்டு வைக்கமாட்டார்கள். காற்று எழும்பினாலே எங்கள் அப்பத்தா ரேடியோவை நிறுத்தச் சொல்லிவிடுவாள். தனுஷ்கோடிக்குப் போன அவள் தம்பி திரும்பி வரவில்லை" என்றார்.

அதற்குப் பிறகு யாரும் பாட்டைப் பற்றிப் பேசவில்லை. அவரவர் மேஜைக்குத் திரும்பிவிட்டோம். ஆனால் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை. மார்கழி பிறந்து ஏறக்குறைய ஒரு வாரம் ஆகியிருந்தது. இராமேசுவரம் தீவின் தென்கிழக்குக் கோடியில், ஒரு நீண்ட மணல் திட்டின்மேல் தனுஷ்கோடி இருந்தது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா; மறு பக்கம் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் அந்தப் பக்கத்தார் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில், வாளின் அலகைப் போல ஒடுங்கிய மண்.

ஒடுங்கிய மண்ணானாலும் அது சாமானியமான ஊர் அல்ல. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த நாளிலிருந்து, சென்னையில் ரயில் ஏறுகிறவர்கள் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னாருக்குப் போய், அங்கே மறுபடியும் ரயில் பிடித்துக் கொழும்பு சேரலாம். ஒரே டிக்கெட்டில் இரண்டு தேசம்! 'போட் மெயில்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. கப்பல் நின்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் பெயர் மட்டும் இன்றும் வழங்கி வருகிறது. சுங்கச் சாவடி, தபால் ஆபீசு, ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதா கோயில், கடைத்தெரு என்று ஒரு நகரத்துக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தன. சேதுவில் நீராட வரும் யாத்திரிகர்களும், வியாபாரிகளும், மீன்காரர்களும், தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாக ஊர் எந்நேரமும் விழித்துக்கொண்டிருக்கும்.

டிசம்பர் 17-ஆம் தேதி அந்தமானுக்குத் தெற்கே கடலில் உருவான தாழ்வு நிலை இரண்டு நாளில் பெரும் புயலாக முற்றியது. 22-ஆம் தேதி அது இலங்கையின் வடபகுதியைக் குறுக்கே கடந்து மேற்கு நோக்கி வந்தது. இலங்கைக் கரையிலும் அது செய்த நாசம் கொஞ்சமல்ல. அதை நாம் சேர்த்தே நினைக்க வேண்டும். நடுவில் கடல் இருக்கிறதே ஒழிய, அன்று அடித்த காற்று ஒன்றுதான்.

அன்று இரவு 11-55 மணிக்குப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் புறப்பட்டது. ஆறு பெட்டிகள். கணக்கில் கண்ட பிரயாணிகள் 110 பேர். ரயில்வே சிப்பந்திகள் 5 பேர். வெளியே கும்மிருட்டும் பேய் மழையும். தனுஷ்கோடி ஸ்டேஷன் நெருங்கியபோது கைகாட்டி விளக்கு எரியவில்லை. டிரைவர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். சமிக்ஞை எதுவும் வரவில்லை. நெடுநேரம் ஊதல் கொடுத்துவிட்டு மெல்ல வண்டியை நகர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. ஸ்டேஷன் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அப்போதுதான் கடல் எழுந்து வந்தது. அலையின் உயரம் 7 மீட்டர் என்கிறார்கள். அதாவது இரண்டு ஆள் உயரத்துக்குக் குறையாத வீட்டின்மேல் இன்னொரு வீட்டை வைத்தாற்போல. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்ததாக மதிப்பிடுவார்கள். ரயில் முழுவதையும் கடல் கொண்டுபோய்விட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை.

ஊரும் போயிற்று. அந்தப் புயலில் மாண்டவர்கள் 1800 பேருக்கு மேல் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பாம்பன் பாலத்தின் கர்டர்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. தந்திக் கம்பிகள் அறுந்தன. ஒரு ரயிலையே காணோம் என்ற சேதி கரையேறி வருவதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது.

இவ்வளவும் நம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்த விஷயமே. ஆனால் எப்படித் தெரிந்திருக்கிறது என்று சற்று யோசித்துப் பாருங்கள். தனுஷ்கோடி என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருகிற கதைகள் எவை? ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அப்போது இராமேசுவரத்தில் இருந்து உயிர் தப்பிய கதை. இராமேசுவரம் கோயிலுக்குள் தஞ்சம் புகுந்தவர்கள் பிழைத்த கதை. இளம் எஞ்சினீயராக இருந்த ஈ. ஸ்ரீதரன், மூன்று மாதத்தில் முடிக்கச் சொன்ன பாலத்தை 46 நாளில் நிமிர்த்திய கதை. எல்லாம் சொல்லத்தக்க கதைகள்தாம். அந்தப் பாலத்தின் கதையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் அத்தனையும் தப்பியவர்களின் கதைகள், நிமிர்ந்ததன் கதைகள். ரயிலில் இருந்தவர்களைப் பற்றி என்ன சொல்கிறோம்? "115 பேர்" என்கிறோம். டிக்கெட் இல்லாதவர்களையும் சேர்த்தால் 200 வரை இருக்கலாம் என்பாரும் உண்டு. அவ்வளவுதான்.

பாட்டு விஷயத்திலும் இதே கதைதான்.

பாரதியார் 'புயற் காற்று' என்று ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். நள வருஷம் கார்த்திகை மாதம் 8-ஆம் தேதி, புதன்கிழமை இரவு என்று நாளும் கிழமையும் குறித்தே எழுதியது. ஆங்கிலக் கணக்கில் 1916 நவம்பர் 22. புதுச்சேரியில் அன்று வீசிய புயலைப் பற்றியது. ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொள்கிறார்கள். காற்று உறுமுகிறது, வீடு நடுங்குகிறது, குழந்தைகள் இருக்கிறார்கள். முதல் நாள் வரை தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே அந்த நேரத்திலும் இருந்திருந்தால் தங்கள் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணி இருவரும் திகைக்கிறார்கள். படிக்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். மறுநாள் பார்த்த காட்சியை வைத்து, அழியாமல் நின்ற தென்னந்தோப்பைப் பற்றியும் அவர் தனியே ஒரு பாட்டுப் பாடினார். மகாகவியாயிற்றே! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிழைத்த வீட்டிலிருந்து ஒரு பாட்டு. பிழைத்த தோப்புக்கு ஒரு பாட்டு. பாடுவதற்கு யாராவது பிழைத்திருக்க வேண்டுமல்லவா? 653-ஆம் எண் வண்டியிலிருந்து பாட்டு வர வழியில்லை.

நம் முன்னோர்கள் மழையைப் பாடியபோது அதன் இரண்டு முகங்களையும் அறியாமல் பாடவில்லை. சிலப்பதிகாரம் தொடங்கும்போதே திங்களையும் ஞாயிற்றையும் போற்றிவிட்டு அடுத்தபடியாக மழையைப் போற்றுகிறது. வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரத்தை மழைக்கே கொடுத்தார். அந்த அதிகாரத்தில்தான், மனிதரைக் கெடுப்பதும் மழை, கெட்டாருக்குத் துணையாகி எடுத்து நிறுத்துவதும் மழை என்ற குறளும் இருக்கிறது. கெடுப்பது என்பதற்குப் பெய்யாமல் நின்று கெடுப்பது என்று பரிமேலழகர் பொருள் சொன்னார். வறட்சி கண்ட நாட்டில் அது சரியான உரைதான். கடற்கரையில் உட்கார்ந்து உரை எழுதியிருந்தால் இன்னொரு வாக்கியம் சேர்த்திருப்பாரோ என்னவோ.

முத்துசுவாமி தீட்சிதரின் கதையும் அப்படித்தான். எட்டயபுரத்துக்குப் போகும் வழியில் வெடித்துக் கிடந்த நிலத்தைப் பார்த்து மனமிரங்கி அமிர்தவர்ஷிணியில் பாடினார். மழை கொட்டிற்று என்பதை எல்லோரும் சொல்வார்கள். கதையின் பின்பாதியைச் சிலர்தான் சொல்வார்கள். மழை நிற்கவில்லையாம், வெள்ளமாகப் பெருகவே, போதும், நில் என்று அவரே திரும்பப் பாட வேண்டியிருந்ததாம். நம் காரியாலயத்து ரசிகரும் முன்பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

முக்கூடற் பள்ளில் ஓர் அருமையான மழைப் பாட்டு உண்டு. நாளைக்கு ஆற்றில் வெள்ளம் வரப்போகிறது என்பதற்கு இன்றே தெரிகிற அடையாளங்களைப் பள்ளர்கள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார்கள். மலையாளத்துத் திக்கில் மின்னுகிறதாம், ஈழத்துத் திக்கிலும் மின்னுகிறதாம், காற்று சுற்றி அடிக்கிறதாம், தவளை கத்துகிறதாம், நண்டு வளையை அடைக்கிறதாம். வானிலை இலாகா இல்லாத காலத்து வானிலை அறிக்கை அது! ஈழத்து மின்னல் என்றால் தாமிரபரணிக் கரையில் இருந்தவர்களுக்கு ஏர் பூட்டும் சந்தோஷம். 1964-இல் அதே ஈழத்துத் திக்கிலிருந்து வந்தது வேறு. ஸ்டேஷனில் நிற்கிறவருக்கும் எஞ்சினில் நிற்கிறவருக்கும் நடுவில், இதோ வருகிறது என்று சொல்ல ஒரு கம்பிகூட மிச்சமில்லை.

எல்லாவற்றிலும் மேலாக நம் மனத்தை விட்டு அகலாதது ஆண்டாளின் பாசுரம்தான். திருப்பாவையில் நான்காவது பாட்டு, முழுக்க முழுக்க மழைப் பாட்டு. மேகம் கடலுக்குள் புகுந்து முகந்துகொண்டு மேலே ஏறுகிறது, திருமாலின் மேனிபோல் கறுக்கிறது, சக்கரம்போல் மின்னுகிறது, சங்குபோல் முழங்குகிறது, சார்ங்கம் என்னும் வில்லிலிருந்து புறப்பட்ட அம்புகளைப்போல் பொழிகிறது. சிறு பெண் ஒருத்தி மழையை அம்பு மாரிக்கு ஒப்பிடுகிறாளே என்று முதலில் தோன்றும். அம்பு கொல்லும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் அங்கேயே ஒரு நிபந்தனையையும் வைக்கிறாள். உலகத்தார் பிழைத்து வாழும்படியாகப் பெய்ய வேண்டும் என்று மழையிடம் கேட்கிறாள். நாங்களும் மகிழ்ந்து நீராட வேண்டும் என்கிறாள். வேறு விதமாகப் பெய்யவும் உன்னால் ஆகும், அப்படிப் பெய்துவிடாதே என்பது அதற்குள் அடங்கிவிட்டது.

1964 மார்கழியிலும் தமிழ்நாட்டுக் கோயில்களில் விடியற்காலையில் அந்தப் பாட்டைப் பாடியிருப்பார்கள். நான்காம் நாள் பாட்டாகையால், புயல் கடலில் முற்றிக்கொண்டிருந்த அதே நாட்களை ஒட்டித்தான் அதன் முறை வந்திருக்கும். தனுஷ் என்றால் வில். கோடி என்றால் முனை. வில்லின் முனை என்று பெயர் வைத்த ஊரின்மேல், தனுர் மாதத்தில் அந்த அம்புகள் இறங்கின. இதற்கு எந்த அர்த்தமும் கற்பிக்க நாம் தயாராக இல்லை. கடலுக்குத் திதியும் தெரியாது, பெயரும் தெரியாது. ஆனால் பாட்டைக் கேட்கும்போது இதை நினைக்காமலிருக்கவும் முடிவதில்லை.

இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விண்ணிலிருந்து மேகத்தைப் பார்க்கிறார்கள். ராடார் வைத்து அளக்கிறார்கள். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதற்கு முன்பே கைபேசியில் சேதி வந்துவிடுகிறது. 2020 டிசம்பரில் 'புரெவி' புயல் ஏறக்குறைய அதே வழியில் வந்தது. திருகோணமலைப் பக்கம் கரையேறி, மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கி, பாம்பனை நோக்கி வந்தது. ஆனால் அதற்குள் கரையோர ஜனங்களை அப்புறப்படுத்தியிருந்தார்கள். புயலும் கடலிலேயே வலுவிழந்தது. அப்படியென்றால் இனி பயமில்லை என்று சொல்லலாமா? 2017 நவம்பர் கடைசியில் 'ஒக்கி' புயல் வந்தபோது, குமரி மாவட்டத்து மீனவர்கள் எத்தனையோ பேர் ஆழ்கடலில் இருந்தார்கள். கரைக்கு வந்த எச்சரிக்கை கடலுக்குள் போய்ச் சேரவில்லை. அந்த வீடுகளிலும் இன்று மழைப் பாட்டு வைக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறோம்.

புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி குடியிருக்கத் தகுதியற்ற ஊர் என்று சர்க்கார் அறிவித்துவிட்டது. ரயில் இராமேசுவரத்தோடு நின்றுவிட்டது. 2017-இல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை போட்டாகிவிட்டது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய பாலமும் திறந்தாகிவிட்டது. நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பிக் கப்பலுக்கு வழி விடுகிறது. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. விடுமுறை நாட்களில் தனுஷ்கோடிச் சாலையில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை. இடிந்த மாதா கோயிலின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சங்கும் சோழியும் வாங்குகிறார்கள். காரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மழைத் தூறல் விழுந்தால் மழைப் பாட்டு. இதைக் குற்றமாகச் சொல்ல நாம் வரவில்லை. ஊர் செத்த இடத்தில் சிரிக்கக்கூடாது என்று சட்டம் போட முடியாது, போடவும் கூடாது. குழந்தைகள் அந்த மணலில் ஓடி விளையாடுவதில் ஒரு நியாயம்கூட இருக்கிறது.

புயல் வந்ததையும் ஊர் அழிந்ததையும் சொல்லும் நினைவுச் சின்னம் ஒன்று பழைய ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிறது. நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த காரியம். அது பெயர்கள்.

அந்தக் காலத்து மூன்றாம் வகுப்பு ரயில் டிக்கெட்டை முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விரல் நீளத்துக்கு ஒரு தடித்த அட்டை. அதில் எண் இருக்கும். புறப்படும் ஊர், போகும் ஊர், கட்டணம் எல்லாம் இருக்கும். பிரயாணியின் பெயர் இராது. பாசஞ்சர் வண்டிக்கு முன்பதிவுப் பட்டியலும் கிடையாது. ஆகையால் அன்றிரவு பாம்பனில் ஏறியவர்கள் எண்களாகவே கடலுக்குள் போனார்கள். எண்களாகவே நம் ஞாபகத்தில் இருக்கிறார்கள். பெயர்கள் எங்கே இருக்கின்றன என்றால், வீடுகளில் இருக்கின்றன. அப்பத்தாக்களிடமும் பெரியப்பாக்களிடமும் இருக்கின்றன. அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. காரியாலயத்து அன்பரின் அப்பத்தா காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தம்பியின் பெயர் அவருக்கே சட்டென்று ஞாபகம் வரவில்லை. ஊருக்குத் தொலைபேசியில் கேட்டுத்தான் சொன்னார். இப்படி எத்தனை வீடுகளோ!

கடற்கரை ஊர்களில் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுகளில், கடல் கொண்டவர்களின் பெயர்கள் ஒரு காலத்தில் இருந்திருக்கக்கூடும். ஒப்பாரிகளில் நிச்சயமாக இருந்திருக்கும். ஒப்பாரி வைத்த பெண்கள் பெயரைச் சொல்லித்தான் அழுதார்கள், எண்ணைச் சொல்லி அழவில்லை. அவற்றை யாரும் எழுதி வைக்கவில்லை. இன்று வலையை இயந்திரம் இழுக்கிறது; அம்பாப் பாட்டு அருகிவிட்டது. துக்க வீட்டிலும் ஒலிபெருக்கி வந்துவிட்டது. சினிமாவின் மழைப் பாட்டுகள் ஒவ்வொன்றும் யார் எழுதியது, யார் பாடியது, எந்த ஆண்டு என்பதை இளைஞர்கள் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு மாலைப்பொழுதை மட்டும் இதற்குக் கொடுத்தால் போதும்.

ஆகையால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1964 மார்கழியில் வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வராதவர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். நமக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறோம். ரயிலில் போனவரோ, ஊரிலே இருந்தவரோ, படகில் போனவரோ, இலங்கைக் கரையில் இருந்த உறவினரோ, யாராக இருந்தாலும் சரி. பெயர், ஊர், வயது, எந்த வேலையாக அங்கே போனார் என்ற விவரம் இருந்தால் போதும். புகைப்படம் இல்லாவிட்டால் பாதகமில்லை. அந்த நாளில் எத்தனை பேர் படம் எடுத்துக்கொண்டார்கள்? இன்னொன்றும் யாருக்காவது ஞாபகம் இருந்தால், அதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: மழை பெய்தால் அவர் எந்தப் பாட்டை முணுமுணுப்பார் என்பதை.